ரெண்டு ஊரிலும் கூப்பிடலாம்

பிள்ளை பிறந்து மூன்று மாதம் ஓடிவிட்டது. வேதகிரி வீட்டில் இன்னும் அதற்கு ஒரு பேர் அகப்படவில்லை. ஜெயம்மாள் 'கண்ணு' என்பாள். பெற்றவள் 'பாபு' என்பாள். வேதகிரி 'டேய் பையா' என்பார். தடுப்பூசி போட வரும் நர்சம்மாவுக்கு அது 'அனிமா பேபி'. தெருக்காரர்களுக்கு 'தமியரசு புள்ள'.

இந்தக் கடைசிப் பேரைக் கேட்கும்போதுதான் வேதகிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார். ஏனென்றால் தமிழரசு இப்போது இல்லை.

தமிழரசு அவருடைய ஒரே மகன். உத்திரமேரூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த அந்த ஊரில் வேதகிரி கூலிக்கு வரப்பு வெட்டியும் தண்ணீர் பாய்ச்சியும் அவனை ஐ.டி.ஐ. வரை படிக்க வைத்தார். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே அவனோடு வேலை பார்த்த ஜார்க்கண்டுப் பெண் அனிமாவைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். வைத்த பேர் தமிழரசு, கட்டிக்கொண்டு வந்தது தமிழே தெரியாத பெண் என்று தெருவே சிரித்தது. அவன் பேரில் இருந்த ழ அவளுக்கு வரவில்லை. 'தமில்' என்றாள். அதைச் சொல்லிச் சிரித்த தெருவுக்கும் அந்த ழ வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஜெயம்மாள் ரொம்ப நாள் மருமகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது அந்தப் பெண், "அம்மா, கொயம்புல உப்பு பத்தல" என்றாள். ஜெயம்மாள் வாயிலிருந்தே பிடுங்கி எடுத்த மாதிரி இருந்தது. ஜெயம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அன்றைக்கு ஒட்டிக்கொண்டவர்கள்தான்.

பங்குனி மாதத்தில் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வந்த தமிழரசுவை வாலாஜாபாத் ரோட்டில் டிப்பர் லாரி ஒன்று அடித்துப்போட்டது. அனிமா அப்போது ஐந்து மாதம். ஆடியில், நல்ல மழையில், பிள்ளை பிறந்தது.

பிரசவ வார்டில்தான் இந்தப் பேர் விவகாரம் ஆரம்பித்தது. வார்டுக்காரம்மா கதவருகே நின்று "அனிமா, அனிமா" என்று கூப்பிட்டாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த கர்ப்பிணிப் பெண், எனிமா கொடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பதறி எழுந்து, "எனுக்கு நேத்தே குடுத்துட்டாங்கம்மா" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள். வார்டே சிரித்தது. யாரோ விளக்கிச் சொன்னதும் அனிமாவும் சிரித்தாள். புருஷன் போனபிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே இருந்தவள் மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வேதகிரி வெளியே வராந்தாவில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேரனுக்கு இந்த நிலைமை வரக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தார். அவனுக்கு வைக்கிற பேர் இங்கேயும் கௌரவமாக இருக்க வேண்டும், அங்கே அவன் அம்மாவைப் பெற்றவர்கள் வாயிலும் கௌரவமாக இருக்க வேண்டும். கண் காணாத ஊரில் இருக்கிற கிழவனும் கிழவியும் போனில் மட்டும் பார்க்கப்போகிற பேரன். பேராவது அவர்கள் நாக்குக்கு வரட்டுமே என்று நினைத்தார்.

அவர் வாழ்க்கையில் எடுத்த முடிவுகளில் இதைவிட நல்ல முடிவு கிடையாது. இதைவிட வினையாகப் போனதும் கிடையாது.

மிலிட்டரியில் இருந்து வந்த ஏகாம்பரம்தான் ஊரிலேயே இந்தி தெரிந்தவர் என்று பேர் வாங்கியவர். வேதகிரி அவரிடம் போனார். ஜெயம்மாள் முருகன் பேரை வைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். ஏகாம்பரம் கேட்டதுமே கையை ஆட்டினார். முர்கா என்றால் அங்கே கோழி. பள்ளிக்கூடத்தில் பையன்களைக் குனிந்து காதைப் பிடித்துக்கொண்டு நிற்க வைக்கும் தண்டனைக்கும் அதுதான் பேர். பையன் தினமும் கொக்கரக்கோ கேட்டுக்கொண்டே படிக்க வேண்டியதுதான் என்றார். சரி, தன் அப்பா பேரான முத்து எப்படி என்றார் வேதகிரி. ஏகாம்பரம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அந்த ஊர்க் காதுக்கு அது எப்படி விழும் என்பதைச் சுண்டுவிரலைக் காட்டி விளக்கினார். செத்துப்போன அப்பாவை நினைத்து வேதகிரிக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது.

தமிழரசு பேரையே வைத்துவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். ஜெயம்மாள் ஒப்பவில்லை. இவன் சேட்டை பண்ணினால் திட்ட வேண்டிவரும், அவனைத் திட்டுகிற மாதிரி இருக்கும் என்றாள்.

கடைசியில் வேதகிரி, அந்த ஊர்ப் பேராகவே நல்லதாக ஒன்று சொல்லும்படி ஏகாம்பரத்திடம் கேட்டார். ஏகாம்பரம் கண்ணை மூடி யோசித்தார். அங்கே ஆடி, ஆவணி மழைக்காலத்துக்கு ஒரு பேர் உண்டு. ரொம்ப விசேஷமான மாசம். ஊஞ்சல் கட்டுவார்கள், பாட்டுப் பாடுவார்கள். பிள்ளையும் அந்த மழையில்தானே பிறந்தான் என்று சொல்லி அந்தப் பேரைக் கொடுத்தார்.

வேதகிரி வழியெல்லாம் மனசுக்குள் அதை உருப்போட்டுக்கொண்டே வந்தார். ஏரிக்கரையில் வரும்போது மழை வாசனைகூட அடித்தது. ஜெயம்மாள் வாசலில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பேர் கெடச்சிருச்சி" என்றார்.

"இன்னா பேரு?"

"சாவன்."

வாய்விட்டுச் சொன்னபிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. ஜெயம்மாள் கத்தவில்லை. பிள்ளையின் காதுகளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். "இன்னொரு தபா அத்த சொல்லாத" என்றாள், மெதுவாக.

உள்ளேயிருந்து அனிமா வந்தாள். அந்தப் பேரைக் கேட்டதும் முதலில் அவள் முகம் மலர்ந்ததை வேதகிரி பார்த்தார். அவள் ஊர் மழையே வாசலில் வந்து நின்ற மாதிரி ஒரு மலர்ச்சி. பிறகு மாமியாரைப் பார்த்தாள். பொத்தியிருந்த கைகளைப் பார்த்தாள். இரண்டு வருஷமாகக் கற்றுக்கொண்ட தமிழ் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முகம் அப்படியே வாடிப்போயிற்று.

அன்றிலிருந்து அனிமா பிடிவாதமாக ஒன்று சொல்ல ஆரம்பித்தாள். பேர் இந்த ஊர்ப் பேராகவே இருக்கட்டும். தன் ஊருக்காகப் பார்க்க வேண்டாம். இதைச் சொன்னதோடு நிற்காமல், ரேஷன் கடைப் பக்கத்தில் கட்டியிருந்த கல்யாண பேனரில் பார்த்த ஒரு பேரையும் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு வந்தாள். இளஞ்செழியன்.

அவள் அதை 'இலஞ்செலியன்' என்றாள். வேதகிரி முயன்று பார்த்தார். 'எளஞ்செயியன்' என்று வந்தது. ஜெயம்மாள் பாதியிலேயே விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். எதிர்வீட்டு எல்லம்மாளைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னார்கள். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொல்லியும் சரியாக வரவில்லை.

வேதகிரி சிரித்துக்கொண்டே, "உனுக்கே வாய்ல வரலியேம்மா. பெத்தவ கூப்புட வாணாமா?" என்று கேட்டார்.

"பரவால்ல நைனா" என்றாள் அனிமா. புருஷன் கூப்பிட்ட மாதிரியே அவளும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவாள். "நீங்க கூப்டா போதும்."

வேதகிரியின் சிரிப்பு நின்றது.

நீங்கள் கூப்பிட்டால் போதும். அப்படியென்றால் அவள் கூப்பிட வேண்டியதில்லை. அப்படியென்றால் அவள் இங்கே இருக்கப்போவதில்லை. பிள்ளையை இங்கே விட்டுவிட்டு அவள் மட்டும் போகப்போகிறாள்.

ஜெயம்மாளிடம் சொன்னார். அவளும் சில நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாளாம். தோட்டத்துப் பக்கம் போய் நின்று அண்ணனோடு போனில் பேசும்போதெல்லாம் 'ஜானா, ஜானா' என்று சொல்லி அழுகிறாள், அது இன்னா வார்த்தை என்றாள். வேதகிரி ஏகாம்பரத்திடம் போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். ஏகாம்பரம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டார். ஜானா என்றால் போவது.

இருவராலும் அவள்மேல் கோபப்படவும் முடியவில்லை. இருபத்து மூன்று வயசு. கட்டிக்கொண்டு வந்தவன் மண்ணுக்குள் போய்விட்டான். அவள் பாஷை பேச ஆளில்லாத ஊர், கூரையில் பாதி ஓட்டை. யாருக்காக இருப்பாள்? ஆனால் ஜெயம்மாளுக்கு ஒன்று மட்டும் பொறுக்கவில்லை. நாலு வயசில் அம்மாவைப் பறிகொடுத்துச் சித்தி கையில் வளர்ந்தவள் அவள். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

"புள்ளய வுட்டுட்டு மட்டும் போவக்கூடாதுய்யா. நம்மகிட்ட இல்லாங்காட்டியும் பரவால்ல. ஆத்தாகூடத்தான் இருக்கணும்."

அதற்கு என்ன செய்வது என்று யோசித்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பேர் அவள் பாஷையிலேயே இருந்துவிட்டால், அவள் வாய் நிறையக் கூப்பிடுகிற மாதிரி அமைந்துவிட்டால், அப்படிப்பட்ட பிள்ளையை விட்டுப் போக எந்தத் தாய்க்கு மனசு வரும்? பேரைச் சொல்லிச் சொல்லியே அவளோடு ஒட்டவைத்துவிடலாம்.

அப்புறம் வேதகிரி ஓயவில்லை. சாப்பிட உட்கார்ந்தால், "ஒங்க ஊர்ல கூப்புடறாப்பல ஒரு பேரு பாரும்மா" என்பார். கட்டிலில் படுத்துக்கொண்டு, "ஒங்கப்பாம்மாவுக்கு இன்னா பேரு புடிக்கும், கேட்டியா" என்பார். அவர் கேட்கக் கேட்க அனிமா இன்னும் கெட்டியாக இந்த ஊர்ப் பேர்களாகவே தேடிப் பிடித்தாள். ஏரிக்கரைக் கோயில் சாமி பேர், ஊர் எல்லைச்சாமி பேர். அவள் இந்த ஊர்ப் பேர் ஒன்றைச் சொல்லும்போதெல்லாம் கிழவர் முகம் சுருங்கும். அவர் அவள் ஊர்ப் பேர் ஒன்றைச் சொல்லும்போதெல்லாம் அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். முன்னைவிட அதிகமாக வேலையும் செய்தாள். விடிவதற்குள் வாசல் தெளித்தாள், மாமியார் கையிலிருந்த துணியைப் பிடுங்கித் துவைத்தாள். போகிறவள் கடமையைத் தீர்த்துவிட்டுப் போகப் பார்க்கிறாள் என்று ஜெயம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பேர் விஷயத்தில் மட்டும் ஏகாம்பரத்தின் மேல் வேதகிரிக்கு நம்பிக்கை போய்விட்டிருந்தது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பானிபூரி விற்கிற பையன் ஒருவன் வடக்கத்திக்காரன். அவனிடம் போய் நின்றார். சும்மா கேட்டால் நன்றாயிருக்காது என்று ஒரு பிளேட் வாங்கிக்கொண்டு ஒரு பேரைக் கேட்பார். அவன் "அச்சா பேரு" என்பான். அடுத்த பேருக்கு அடுத்த பிளேட். அதற்கும் அச்சா. எந்தப் பேரைச் சொன்னாலும் அச்சாதான். பேர் கிடைக்கவில்லை, வேதகிரிக்கு வயிறு கலங்கி இரண்டு நாள் வேலைக்குப் போக முடியாமல் போனதுதான் மிச்சம். மூன்றாம் நாள் கஞ்சி குடித்துவிட்டு மறுபடி போனார். அவர் தள்ளாடி வருவதைப் பார்த்து அந்தப் பையனுக்கே பாவமாகிவிட்டது. பிளேட்டை எடுக்காமல், தன் தம்பி பேரைச் சொன்னான். ரோஷன். வெளிச்சம் என்று அர்த்தம் என்று தலைக்கு மேலே எரிந்த பல்பைக் காட்டினான்.

ஜெயம்மாள் அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். "ரோசன். நல்லாத்தான் கீது. நம்ம ஆளுங்க ரோசக்காரன்னு நெனச்சிப்பாங்க. அவங்கப்பனும் ரோசக்காரன்தான்" என்றாள்.

ழ இல்லை. கோழி இல்லை. சாவு இல்லை. வேதகிரி அனிமாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"அங்க கூப்புடற பேரா நைனா?"

"ஆமாம்மா. ஒங்க ஊர்ல ஒருத்தனும் சிரிக்க மாட்டான். வாய் நெறய கூப்புடலாம்."

அவள் பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டாள். பிறகு, "சரி நைனா" என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை பாயசம் வைத்து, பிள்ளையின் காதில் பேரைச் சொன்னார்கள். தெருவில் எல்லாரும் நல்ல பேர் என்றார்கள். அன்று சாயந்தரமே அனிமா தோட்டத்துப் பக்கம் போய் நின்று வெகுநேரம் போன் பேசினாள். திரும்பி வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, அண்ணன் வருகிறான், கூட்டிக்கொண்டு போக வருகிறான் என்றாள். பிள்ளையையும் கொண்டுபோகிறேன் என்றாள்.

வேதகிரி தலையை ஆட்டினார். நினைத்தது நடந்துவிட்டது. பிள்ளை தாயோடு போகப்போகிறது. அவர்களுடைய உபாயம் பலித்துவிட்டது. அது பலித்தால் இவ்வளவு வலிக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

ஜெயம்மாள் முறுக்கு சுட்டாள். தமிழரசு சின்னப் பிள்ளையில் போட்டிருந்த வெள்ளி அரைஞாணைத் தேய்த்துக் கொடுத்தாள். ஒருநாள் மத்தியானம் அவள் கோழிக்குத் தவிடு வைத்துக்கொண்டே, "இங்கியே இருந்துடேம்மா, ஒனக்கு இன்னா கொற" என்று கோழியிடம் சொல்லிக்கொண்டிருப்பதை வேதகிரி கேட்டார். சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். கோழி தவிட்டைத் தின்றுவிட்டுப் போய்விட்டது.

"அவகிட்ட போயி இத சொல்லிடாத" என்றார் வேதகிரி. "நீ சொன்னா தட்ட மாட்டா. இருந்துடுவா. சின்னப் பொண்ண இந்தக் கூரைக்குக் கீய கட்டிப்போட நமக்கு இன்னா ரைட்டு கீது?"

அதனால் யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் எல்லாரும் ஒருவருக்கொருவர் அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்ட வாரம் அதற்கு முன் வந்ததில்லை.

அண்ணன் விகாஸ் ஒரு காலையில் வந்து சேர்ந்தான். ஒல்லியாக, முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டிருந்தான். கும்பிட்டான். தங்கச்சியோடு அவர்கள் பாஷையில் இரண்டு வார்த்தை பேசினான். வேறு யாரோடும் பேசவில்லை. பேச்சுக்கு ஆள் வேண்டுமே என்று ஏகாம்பரம் தானாகவே வந்து உட்கார்ந்து சரளமாக இந்தியில் ஏதோ கேட்டார். விகாஸ் அவரையே உற்றுப் பார்த்தான். ஏகாம்பரம் வேதகிரி பக்கம் திரும்பி, பிரயாணம் சௌகரியமாக இருந்ததாம் என்றார்.

ஜெயம்மாள் அவனுக்காகக் கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். அவன் இலையில் கை வைக்கவில்லை. வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தான். தங்கச்சி தாலி அறுத்த வீட்டில் எப்படிச் சாப்பிடுவான் என்று வேதகிரி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மத்தியானம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். செங்கல்பட்டுக்குப் போய், அங்கிருந்து சென்னை, அப்புறம் இரண்டு நாள் ரயில். ஜெயம்மாள் பிள்ளையைக் கடைசி வரைக்கும் கையிலிருந்து இறக்கவில்லை. பால் கொடுக்க வேண்டும் என்று அனிமா அவளையும் கூட்டிக்கொண்டு மறைவாக ஒரு கடைக்குப் பின்னால் போனாள். போகும்போது ஜெயம்மாளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே போனாள். செங்கல்பட்டு பஸ் வந்து நின்றது. டிரைவர் டீ குடிக்க இறங்கினார்.

விகாஸும் வேதகிரியும் மூட்டைகளுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். என்ன பேசுவது, எந்தப் பாஷையில் பேசுவது என்று தெரியாமல் வேதகிரி முறுக்குப் பொட்டலத்தை எடுத்து அவன் பையில் சரியாக வைத்தார். நொறுங்காமல் கொண்டுபோக வேண்டும் என்று கையால் ஜாடை காட்டினார். அவன் அந்தக் கையையே பார்த்தான். காலையிலிருந்து இறுகிக் கிடந்த முகம் கொஞ்சம் அசைந்தது.

"ஏனுங்கய்யா, ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றான்.

வேதகிரி திடுக்கிட்டு நிமிர்ந்தார். நல்ல தமிழ். இந்தப் பக்கத்துத் தமிழ்கூட இல்லை.

"நானு திருப்பூர்ல பனியன் கம்பெனில எட்டு வருசம் இருந்தனுங்க" என்றான் அவன். "ஊட்டுல வெச்சுக் கேட்டா மரியாதையா இருக்காதுன்னுதான் வாயத் தொறக்கலீங்க."

"கேளு நைனா" என்றார் வேதகிரி.

விகாஸ் கடைப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"இங்கியே இருந்துக்கறேன், நஹி ஜானா, நான் வரமாட்டேன்னு அவ போன்ல தெனமும் அழுதாளுங்க, புள்ளைக்கு எங்கூருப் பேராப் பாத்துப் பாத்து வெச்சு, நீங்க எதுக்குங்க அவளப் போகச் சொல்லிப்போட்டீங்க?"